பத்து நிமிட முறை

இப்போது வசிக்கும் கன்செப்சியோன் நகரில் மழை பிடித்துக்கொண்டால் நெல்டா சோக்கேவுக்குக் காலமா ஊரின் காய்ந்த காற்று நினைவுக்கு வந்துவிடும். பதினோரு வருடத்துக்கு முன்பு அந்தப் பாலைவன ஊரின் டாக்சி நிலையத்துக்கு மின்சார வண்டிகளுக்கான வேகச் சார்ஜர் வந்தபோது, "பன்னிரண்டு ஆண்டு உழைக்கும்" என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திட்ட பொறியாளர் அவள்தான். இரண்டே வருடத்தில் அது படுத்துவிட்டது. மாற்றிவைப்பதும் படுத்தால் நிலையத்தையே மூடிவிடுவோம் என்றது கம்பெனி.

வெயில், தூசி, மின்சாரம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்திருந்தாள். மண்டையை உடைத்துக்கொண்டும் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், புதிதாக மாற்றிவைத்த சார்ஜர் பக்கத்திலேயே மூன்று நாள் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் கண்டாள். எந்த ஓட்டுநரும் பத்து நிமிடத்துக்கு மேல் சார்ஜ் போடவில்லை. பின்னால் ஒருவன் நின்றால் பிடுங்கிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் அவர்கள் மரியாதை. நடுவே ஐந்து நிமிடம் கிண்டலும் கூச்சலும். கொடுத்தவன் மறு முறை வரும்வரை வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தேநீரோடு அரட்டையில் சேர்ந்துகொள்வான். மூன்று நாளும் அவளுக்கும் ஒரு குவளை வந்தது.

"அதுக்கு மேல புடிச்சு வச்சுக்கிட்டா அவன் மனுஷனா கண்ணு?" என்றார் மூத்த ஓட்டுநர் ரெமிஹியோ; மரியாதைக்கு 'டான்' சேர்த்துத்தான் அவரை அழைப்பார்கள். "ஏன், உன் மெஷினுக்கு வலிக்குதாக்கும்?"

"வலிக்குது டான் ரெமிஹியோ. செருகுறப்பெல்லாம் உள்ள இருக்கிற சின்னக் கம்பிங்க சூடாகி நீளுது. பிடுங்குனா குளுந்து சுருங்குது. கம்பிய வளைச்சு வளைச்சு நிமித்துனா ஒடிஞ்சிடாதா? நான் வண்டிக்கு அரை மணி நேரம்னு கணக்குப் போட்டுட்டேன்."

"அப்ப தப்பு உன் மேலதான்!"

எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். இதுவும் படுத்தால் நிலையத்தை மூடிவிடுவார்கள் என்று அவள் சொன்னதும் சிரிப்பு அடங்கியது. அன்றே ஒத்துக்கொண்டார்கள்: ஆளுக்கு அரை மணி, முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்வது.

அந்தப் புதிய சார்ஜருக்கு எட்டு ஆண்டு என்று எழுதினாள். போன மாதம் எட்டைத் தாண்டி ஒன்பதும் முடிந்தது. ஆசையோடு ரெமிஹியோவுக்குப் போன் போட்டாள்.

"ஜம்முனு ஓடுது கண்ணு. அவனவன் நேரத்துக்கு வர்றான், செருகிட்டு உள்ளயே தூங்குறான், போறான்."

"எல்லாரும் எப்படி இருக்காங்க?"

"யாருக்குத் தெரியும்? பட்டியல்ல பேரு இருந்தா இன்னும் ஓட்டுறான்னு அர்த்தம்."

அந்த ஊருக்காக அவள் போட்டதில் பலித்த ஒரே கணக்கு அது. போனை வைத்ததும் அந்தத் தேநீர்க் குவளை நினைவுக்கு வந்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது.