மணப்பாட்டுப் பாறையில் பொன்செல்வி கண்டது

குற்றாலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பொன்செல்வி விலங்கியல் ஆய்வக உதவியாளர். படிப்பு பிளஸ் டூவோடு நின்றது. பன்னிரண்டு வருஷமாகக் குடுவைகளைக் கழுவி, பெயர்ச்சீட்டுகளைப் புதிதாக எழுதி ஒட்டியதில் கடல் உயிர்களின் முகம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

போன தை மாதம் மாணவிகளுக்குத் துணையாக மணப்பாடு கடற்கரைக்குப் போனாள். நீர் வற்றிய பாறைக்குழியில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒன்று ஊர்ந்தது. ஓடில்லாத நத்தை. பால்வெள்ளை உடம்பு, முதுகில் மூன்று கருநீலக் கோடுகள், சுற்றிலும் ஆரஞ்சு விளிம்பு. பின்பக்கம் செவுள்கள் பூவிதழ் மாதிரி விரிந்து சுருங்கின. ஒரே ஒரு படம் எடுப்பதற்குள் அலை வந்து மூடிவிட்டது. அதுவும் மங்கல்.

துறைத்தலைவர் முத்துக்குமாரசாமி படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“இது அந்தமான்ல உண்டு, லட்சத்தீவுல உண்டு. நம்ம கரையில கிடையாதும்மா. பட்டியல்லயே இல்ல. எங்கிருந்தோ வழிதவறி வந்திருக்கும்.”

“பட்டியல் போட்டவங்க அந்தக் குழியப் பாக்கலியோ என்னவோ சார்.”

“நீ குடுவை கழுவுத வேலையப் பாரு.”

சுருக்கென்று தைத்தது. அமாவாசைக்கு நீர் நன்றாக வற்றும் என்று மணப்பாட்டு மீனவர் ஒருவர் சொல்லியிருந்தார். விடுப்புப் போட்டுவிட்டு தென்காசியில் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். மூன்று அமாவாசை வெறுங்கையோடுதான் திரும்பினாள்.

“ஏட்டி, குத்தாலத்துக்கு ஊரு உலகமே வருது. நீ புழுவத் தேடி கடலுக்கு அலையுதியே” என்றான் அண்ணன் ரத்தினம்.

“நான் பாத்தத இல்லங்காங்கள்லா, அதுக்குத்தான்.”

பழைய படத்தை மறுபடி உற்றுப் பார்த்தாள். நத்தைக்கு அடியில் சாம்பல்நிறக் கடற்பஞ்சு. அதுதான் இரையாக இருக்க வேண்டும். நான்காம் முறை குழிகளை விட்டுவிட்டு, கடற்பஞ்சு படிந்த பாறைகளின் அடியில் தேடினாள். சிப்பி கீறி முழங்கையில் ரத்தம் வழிந்தது. ஒன்றல்ல, ஐந்து இருந்தன. பக்கத்திலேயே சுருட்டிய நாடா போல முட்டைகள். வழிதவறி வந்தது இப்படிக் குடித்தனம் நடத்துமா? அளவுகோல் வைத்துப் படமெடுத்து, இடமும் நேரமும் குறித்துக்கொண்டாள்.

இந்த முறை துறைத்தலைவர் சிரிக்கவில்லை.

“நான் கட்டுரையா அனுப்புதேன். கடைசியில உனக்கு நன்றின்னு ஒரு வரி போட்டுருவோம்.”

பொன்செல்வி கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“கண்டது நான் சார். என் பேரப் போடுங்க. இல்லன்னா நானே அனுப்புதேன்.”

“நீ யாருன்னு கேப்பாங்களே?”

“குடுவை கழுவுதவன்னு சொல்லுவேன்.”

தூத்துக்குடியில் கடல் நத்தைகளை ஆராயும் ஷமீம் பானுவுக்குப் படங்களை அனுப்பினாள். அவர் எட்டுக் கேள்விகள் கேட்டார். எட்டுக்கும் பதில் போனது. பிறகு நேரில் வந்து பாறையடியில் குனிந்து பார்த்தார்.

“அதேதாம்மா” என்றார்.

ஆறு மாதம் கழித்துக் கட்டுரை வந்தது. அந்த நத்தை வாழும் இடங்களின் வரைபடத்தில் தென்கரையில் புதிதாக ஒரு புள்ளி. இரண்டு பெயர்களில் முதலில் பொன்செல்வி.

அந்தப் பக்கத்தை ஆய்வகக் கதவில் ஒட்டினாள். மறுநாள் யாரோ கிழித்திருந்தார்கள். இன்னொரு நகலை ஒட்டினாள். பையில் இன்னும் முப்பத்தெட்டு இருந்தன.