கடற்கரையில் படித்த பாஷை

2009இல் ஜமேக்காவுக்கு விடுமுறைக்குப் போய்வந்த பிறகு, அங்கே கடற்கரையில் படித்த, பட்வா எனும் ஜமேக்கா ஊர்ப்பேச்சின் நாலைந்து சொற்களை, லண்டனின் பார்க்கிங் பகுதியில் நான் வேலைசெய்த முதியோர் இல்லத்தில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அங்கிருந்த ஜமேக்கா அம்மா ஒருவருக்கு மறதிநோயால் ஆங்கிலம் போய்விட்டது, ஊர்ப்பேச்சுத்தான் மிச்சம். ஒருநாள் காலை அவர் வலியில் துடித்து அழுதார்.

"உமக்குத்தானே அவவின்ர பாஷை தெரியும். எங்க நோகுதெண்டு கேளும்," என்றார் கூட வேலைசெய்த சாந்தி அக்கா.

நான் குனிந்து, "வா குவான்?" என்றேன். எப்படிச் சுகம் என்று அர்த்தம். அழுகை நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் படபடவென்று எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடற்கரையில் நோவுக்கு என்ன சொல் என்று நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.