கமாண்டர் பிடித்த களவா

என் தங்கை புருஷனுக்குப் படகுத்துறையில் கமாண்டர் என்று பெயர். பார்ப்பது டைல்ஸ் கம்பெனியில் விற்பனை மேனேஜர் வேலை. குளியலறைச் சுவரில் பதிக்கிற டால்பின் படத்தைத் தவிரக் கடலோடு அவருக்கு வேறு தொடர்பு கிடையாது. அப்படிப்பட்டவர் நாற்பத்தைந்து வயதில் திடீரென்று ஒரு வேகப்படகு வாங்கினார். வெள்ளை உடம்பு, நீலக் கோடு, மெத்தென்ற சீட். கூடவே மேலும் கீழும் பாக்கெட் வைத்த ஒரு சட்டை. ஒரு பாக்கெட்டில் போன் இருக்கும், இன்னொன்றில் வாந்தி மாத்திரை. மற்றதிலெல்லாம் காற்று.

துறை முனையில் நான் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கிறேன். அப்பா நடத்திய கடை. அக்கா தங்கை நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தூண்டில் முள் கட்டியும் இரைக்கு மத்தி மீன் நறுக்கியும் வளர்ந்தவர்கள். கல்யாணமான புதிதில் இதை வெளியே சொல்லவே அவர் கூசுவார். "மாமனார் வீட்டுல ஏதோ பிசினஸ்" என்று மழுப்புவார். படகு வந்ததும் மனிதர் மாறிவிட்டார். "எங்களுது பரம்பரையாவே மீன்பிடிக் குடும்பம்" என்று அவர் யாரிடமோ சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

முதல் பயணத்துக்குச் சாமான் வாங்கத் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்க மாப்பிள்ளை" என்றேன். முறை அப்படி, வேறு என்னவென்று கூப்பிட?

கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வாள் வீசுகிற மாதிரி வீசிப் பார்த்தார். கடைசியில் நீல நிறத்தில் ஒல்லியான ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணி, இது நம்ம போட்டுக்கு மேட்ச் ஆகும்."

"மீன் கலர் பாத்தா வரப் போகுது? தீவுக்குப் பின்னாடி கல்திட்டுலதானே நிறுத்தப் போறீங்க? அங்க களவா மீன் கிடக்கும். முள்ளைக் கவ்வுனதும் பொந்துக்குள்ள போய் அடைஞ்சுக்கும். இழுத்து வெளிய கொண்டுவரக் கட்டையான கம்பு வேணும், தடிச்ச தூண்டில் நரம்பு வேணும்."

நான் காட்டிய கம்பு விலை கூடியது என்று தெரிந்ததும் அதையும் எடுத்துக்கொண்டார்.

"இரைக்கு ஒரு கிலோ மத்தி போடட்டா? ஈயக்குண்டு கட்டி அடியில இறக்கினாப் போதும்."

"மத்தியா? நாறும் அண்ணி. சீட் புதுசு."

பிறகு சுவரில் தொங்கிய ரோஸ் நிற ரப்பர் மீனைக் கழற்றினார். ஆட்டினால் கண் சிமிட்டும். கடைக்கு வரும் குழந்தைகள் அழாமல் இருக்கட்டும் என்று நான் மாட்டி வைத்திருந்தது அது.

"இப்பெல்லாம் இதுதான். நான் வீடியோ பாத்தேன். மீனோட மனசைப் புரிஞ்சுக்கணும் அண்ணி."

இத்தனை வருஷத்தில் கட்டிய மனைவிக்குக் காப்பியில் எவ்வளவு சர்க்கரை என்று தெரியாத ஆள், மீனின் மனசைப் புரிந்துகொள்ளப் போகிறார். தங்கை ஐஸ்பெட்டிப் பக்கம் நின்றிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் போனார்கள். சாயங்காலம் துறையில் ஒரே கூட்டம். கமாண்டர் கைக்குழந்தையைத் தூக்குவது போல ஒரு களவாவைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். அந்த வருஷம் அவ்வளவு பெரிய களவாவை அங்கே யாரும் பார்த்ததில்லை. அதன் வாயில் ரோஸ் நிறப் பொம்மை. கண்ணைக் கூடச் சிமிட்டியது.

"டெக்னிக் தெரியணுங்க, அவ்வளவுதான்" என்று போட்டோ எடுத்தவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. களவா அடியிலேயே கிடக்கிற சோம்பேறி. மேலே மிதந்து ஓடுகிற பொம்மையைப் பார்க்க அது எதற்கு மெனக்கெட்டு வரப் போகிறது? கடைக்குப் பின்னால் குழாயடியில் தங்கை கை கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனதுமே மத்தி வாடை அடித்தது.

"யாருடி பிடிச்சா?"

"அவருதான்க்கா."

"என்கிட்டயேவா?"

சோப்பை வைத்துவிட்டுச் சொன்னாள். நங்கூரம் போட்ட கொஞ்ச நேரத்திலேயே அவருக்குத் தலை சுற்றி, மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டாராம். கடைக்கு வந்த அன்றே என் ஐஸ்பெட்டியிலிருந்து நைசாக எடுத்து வைத்திருந்த மத்தியில் பாதியை அந்தப் பொம்மையின் முள்ளிலேயே குத்தி, மேலே ஈயக்குண்டு கட்டி, கட்டைக் கம்பில் இவள் அடியில் இறக்கியிருக்கிறாள். மீன் கவ்வியதும் பொந்துக்குள் போகவிடாமல் இழுத்து, பாதிவரை மேலே கொண்டுவந்தபின் அவரை உலுக்கி எழுப்பிக் கம்பைக் கையில் கொடுத்திருக்கிறாள்.

"எதுக்குடி கொடுத்த?"

"கம்பெனியில அவருக்கு மேல ஒரு சின்னப் பையனைக் கொண்டுவந்து உக்கார வச்சுட்டாங்கக்கா. வீட்டுக்கு வந்தா யார்கிட்டயும் பேசறதில்ல. இன்னைக்குத்தான் சிரிச்சாரு."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

எனக்கு இரக்கம் வந்ததா என்றால், வரவில்லை. சிரிப்பதற்கு ஒரு மீன் தேவைப்படுகிற ஆம்பளை, அந்த மீனையும் பெண்டாட்டி பிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் எதையும் வெளியே சொல்லவில்லை.

பலன் என்னவென்றால், துறையிலிருக்கிற அத்தனை சோம்பேறிகளும் ரோஸ் பொம்மை கேட்டு என் கடைக்கு வந்தார்கள். வரவழைத்து விற்றேன். ஒருவராவது மத்தி கேட்டாரா? கேட்கவில்லை. கமாண்டர் சனிக்கிழமை தோறும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாடம் நடத்தினார். நண்பர்களோடு இரண்டு மூன்று தரம் போய் வெறுங்கையோடு திரும்பினார். ஒருமுறை நீரோட்டம் சரியில்லை, இன்னொருமுறை நான் கொடுத்த ரீல் சரியில்லை. அதோடு படகில் ஏறுவதை நிறுத்திவிட்டார். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

இப்போது அந்தப் படகைத் தங்கைதான் ஓட்டுகிறாள். வாரநாட்களில் தனியாகப் போவாள், பெரும்பாலும் ஏதாவது கொண்டுவருவாள். புதுச் சீட்டில் மத்தி வாடை போகவே மாட்டேன் என்கிறது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

போன சனிக்கிழமை ஒரு வாடிக்கையாளர், முந்தின நாள் அவள் பிடித்து ஐஸில் வைத்திருந்த மீனைப் பார்த்து அசந்துபோய், யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று விசாரித்தார்.

"எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான்" என்றார் கமாண்டர், ஸ்டூலை விட்டு எழாமலே. "முதல்ல முள்ளைத் தொடவே பயந்தா. இல்லையா அண்ணி?"

தங்கை என்னைப் பார்த்தாள். உண்மை என் வாய்வரை வந்துவிட்டது.

"ஆமாங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, அவர் காலடியில் இருந்த மத்திக் கூடையை இழுத்து ஐஸ்பெட்டியில் கொட்டினேன். கொட்டும்போது ரத்தத்தண்ணீர் கொஞ்சம் அவர் பாக்கெட் சட்டையில் தெறித்தது. கவனமாகத்தான் கொட்டினேன்.