கஸ்பரின் இரங்கலுரை

கனடாவின் ஸ்காபரோவில் தமிழ் விழா என்றால் மேடையில் கஸ்பர் நிற்பார். தொழிலால் காப்புறுதி முகவர்; மைக் கையில் கிடைத்துவிட்டால் ஆளே வேறு. எந்தச் சொல்லுக்குச் சபை கைதட்டும், எந்த இடத்தில் கண் கலங்கும் என்பதெல்லாம் தனக்கு அத்துப்படி என்ற எண்ணம் அவருக்கு.

போன மாசியில் மோர்னிங்சைட் பகுதியில் பஸ்ரியன் என்பவர் செத்துப்போனார். ஒரே மாதா கோவிலில் பூசை காண்கிறவர் என்பதற்கு மேல் கஸ்பருக்கு அவரைத் தெரியாது. ஆனாலும் இரங்கலுரைக்குக் கூப்பிட்டபோது மறுக்கவில்லை. சவப்பெட்டியருகே நின்று ஆரம்பித்தார்.

"கொடுக்க நீண்ட கை ஐயா இது, கட்டியவள்மேல் ஓங்கிய கையல்ல!"

வசனம் தானாக வந்து விழுந்தது. உண்மையா என்று அவர் யோசிக்கவில்லை.

முன்வரிசையில் இருந்த பஸ்ரியனின் மனைவி அன்ரனெற் உள்ளங்கையை விரித்து உயர்த்தினாள். சபை தலையைக் குனிந்துகொண்டது. நெஞ்சைத் தொட்டுவிட்டோம் என்று பூரித்த கஸ்பர், அதே வசனத்தை இன்னும் உரக்கச் சொன்னார்.

கார் தரிப்பிடத்துக்கு அவளுடைய மகள் ஷெறின் பின்னால் ஓடிவந்தாள்.

"அங்கிள், அம்மா உங்களை நிப்பாட்டச் சொல்லித்தான் கை காட்டினவ. அப்பா அடிக்கிறவர் எண்டு எவ்ரிபடிக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் விளங்கேல்லையா?"

கஸ்பருக்கு அப்போதுதான் உறைத்தது: சனம் குனிந்தது அழுகையில் அல்ல, கூச்சத்தில். காருக்குள் ஏறியும் சாவியைத் திருப்ப முடியாமல், காது மடல் எரிய இருந்தார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அன்ரனெற் வீட்டுக்குப் போனார். வழிநெடுக மன்னிப்பைச் சொல் சொல்லாகச் செதுக்கிக்கொண்டே போனார். கதவு திறந்தது.

"தங்கச்சி, நாவினால் விளைந்த காயம்..."

"கஸ்பர் அண்ணை, என்ர வாசலிலையும் பேச்சே?"

செதுக்கியதெல்லாம் உதிர்ந்துபோயிற்று.

"தெரியாமல் கதைச்சுப்போட்டன். நீங்கள் கை காட்டினதை எனக்குக் கிடைச்ச பாராட்டு எண்டு நினைச்சன்."

அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"அவர் அடிச்சது கூடப் போகட்டும். நீங்கள் சொன்னதுக்கு, அவ்வளவு சனத்துக்கு முன்னால நானும் ஓம் எண்டு தலையாட்டிக்கொண்டு இருந்த மாதிரிப் போச்சு அண்ணை."

கதவைச் சாத்துமுன் அவளே சொன்னாள்.

"முப்பத்தோராம் நாள் பூசைக்கு வாங்கோ. ஒண்டும் பேச வேண்டாம்."

போனார். கடைசி வரிசையில் இருந்தார். பூசைக்குப் பிறகு சாப்பாட்டு மண்டபத்தில் யாரோ மைக்கை நீட்ட, தலையை ஆட்டி மறுத்தார். "பாத்தியே, மனிசனுக்கு என்ன அடக்கம்!" என்று பக்கத்தில் ஒருவர் மெச்சினார். கஸ்பர் இன்னும் கூனிக் குறுகிப்போனார்.