நட்சத்திரத்துக்குப் போனவனும் பினாங்குக்குப் போனவரும்

அந்த நாவலைக் கொண்டுவந்தவன் என் தம்பி. சிதம்பரத்தில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். லீவில் என்னைப் பார்க்கக் கடலூர் ஓல்டு டவுனுக்கு வந்தவன், ரயிலில் படித்து முடித்த மாத நாவலை என் புகுந்த வீட்டில் போட்டுவிட்டுப் போனான். அட்டையில் ஒரு ராக்கெட், பச்சை முகத்தோடு ஏதோ ஒன்று, இரண்டுக்கும் நடுவே கையில்லாத ரவிக்கை போட்ட ஒரு பெண். மட்டமான காகிதம். பக்கத்தைப் புரட்டினால் மை விரலில் ஒட்டும்.

எங்கள் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாமி, அதாவது என் கணவரின் தாயார், தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில் அச்சான மாலைப் பாட்டுகளையும் கிஸ்ஸாக் கதைகளையும் தண்ணீர் பட்டபாடாக ஓதுவார். தமிழ் எழுத்தைக் காட்டினால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் பகல் சாப்பாடு முடிந்ததும் நான் வாசிப்பேன், அவர் பாக்கு வெட்டிக்கொண்டே கேட்பார். அவர் அதுவரை ஓதியதெல்லாம் நபிமார், வலிமார் போன்ற மகான்களின் சரித்திரம். ஆகவே அச்சில் ஏறியது எதுவும் அவருக்கு நடந்த கதைதான். மனிதன் ராக்கெட்டில் ஏறிப் பூமியைச் சுற்றிவந்ததாகப் பேப்பர்க்காரனும் அப்போது எழுதிக்கொண்டிருந்தான். இது கதை, அது செய்தி என்று நான் பிரித்துச் சொல்லியிருந்தால் மட்டும் நம்பியிருப்பாரா என்ன?

என் கணவர் பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் இருந்தார். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவதை எங்களில் சபர் என்போம். நான் உண்டாகியிருப்பது தெரிந்த மாதத்தில் கப்பல் ஏறினார். “கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுவேன்” என்றார். பிறந்த மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள், அவர் வந்தபாடில்லை. அவளுக்கு அத்தா என்றால் சுவரில் மாட்டியிருந்த போட்டோதான். எனக்கும் வரவர அந்தப் போட்டோ முகத்தைத் தவிர வேறு முகம் நினைவுக்கு வரவில்லை. அவர் சிரித்தால் எப்படி இருப்பார் என்று யோசித்துப் பார்ப்பேன், வராது. அப்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும். ஒரு நாள் வந்து நின்றால் இரண்டு அந்நியர்கள் ஒரு வீட்டில் எப்படி வாழ்வது?

இந்தப் பயத்தோடு இருந்தவள் அந்த நாவலைக் கையில் எடுத்தது, வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான். ஒரு விமானி, புதுப் பெண்டாட்டியை மீனம்பாக்கத்தில் நிறுத்திவிட்டு ஏதோ ஒரு நட்சத்திரத்துக்குப் புறப்படுகிறான். ராக்கெட் கிளம்பிய இடத்திலேயே மாமி பாக்குவெட்டியைக் கீழே வைத்தார்.

“அவனுக்குப் பாங்கு சொன்னாங்களா?”

“அவன் நம்ம ஆளு இல்ல மாமி.”

“எந்த ஆளா இருந்தா என்னா? அம்மாந் தொலவு போறவன சும்மாவா அனுப்புவாங்க?”

சபர் போகிறவர் வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து ஒருவர், தொழுகைக்கு அழைப்பது போலவே, பாங்கு சொல்வது எங்கள் வழக்கம். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் போனவர் திரும்பி வருவார் என்று ஒரு நம்பிக்கை. ராக்கெட் சத்தத்தில் காது கேட்காது என்று சொல்லிச் சமாளித்து மேலே வாசித்தேன்.

விமானி திரும்பி வருகிறான். அவனுக்கு அந்த வேகத்தில் கொஞ்சக் காலமே கழிந்திருக்கிறது, தலையில் ஒரு நரை இல்லை. வீட்டு வாசலில் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். ‘பாட்டி, என் மனைவி எங்கே?’ என்று கேட்கிறான். அந்தக் கிழவிதான் அவள். அதற்கு மேல் வாசிக்காமல் நாவலை மூடிவைத்தேன். மாமி வெட்டிய பாக்கைத் தட்டோடு தள்ளிவைத்தார்.

“என் புள்ளைக்கும் பாங்கு சொல்லல” என்றார்.

உண்மைதான். என் கணவர் புறப்பட்ட அன்று நல்ல மழை. கொள்ளிடத்தில் வெள்ளம், ரயிலை நிறுத்தப்போகிறார்கள் என்று யாரோ சொல்ல, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் வந்து சேருவதற்குள் ரயில் போய்விட்டது.

மறுநாள் காலை மாமி மோதினாரை அழைத்துவந்து வாசலில் நிறுத்தினார். “அன்னிக்கு விட்டத இன்னிக்குச் சொல்லுங்க” என்றார். அவரும் காதில் விரலை வைத்துக்கொண்டு, எந்தத் தொழுகைக்கும் சேராத அந்த நேரத்தில், தெருவே அதிரப் பாங்கு சொன்னார். வேளை கெட்ட வேளையில் பாங்கு கேட்டால் எங்கள் தெருவில் இரண்டே அர்த்தம்: புயல், இல்லாவிட்டால் கொள்ளைநோய். கதவுகள் படபடவென்று திறந்தன. “பொயலா? எப்ப?” என்று ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருத்தி காயப்போட்ட மிளகாயை வாரினாள், இன்னொருத்தி பிள்ளைகளை இழுத்து உள்ளே தள்ளினாள். வானத்தில் ஒரு மேகம்கூடக் கிடையாது. யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் முகங்களைப் பார்த்தபோது நிஜமாகவே ஏதோ வரப்போகிறது என்று எனக்கும் தோன்றிவிட்டது.

வந்தது தந்தி. கப்பல் ஏறிவிட்டாராம். மாமியைப் பிடிக்க முடியவில்லை. நானோ கண்ணாடியின் முன்னால் நின்று, வகிட்டோரம் ஒரு நரை இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். இருந்தது. பிடுங்கினேன்.

அவர் வரும் வாரம் நாங்கள் எல்லோரும் சிதம்பரத்தில் என் தாய் வீட்டுக்கு வந்திருந்தோம். துறைமுகத்துக்குத் தந்தி கொடுத்து, அவரை அங்கேயே ரயிலிறங்கச் சொல்லியிருந்தார்கள் என் வீட்டார். என் மகள் என் அத்தாவை ‘நன்னா’ என்று கூப்பிடுவாள். அந்த வாரத்தில் தலை நரைத்த எல்லாருமே அவளுக்கு நன்னாவானார்கள்.

ஸ்டேஷனுக்கு வெளியே, திரை கட்டிய குதிரை வண்டிக்குள் மாமியும் நானும் மகளும் காத்திருந்தோம். தம்பி உள்ளே போயிருந்தான். ரயில் வந்தது. கூட்டத்தோடு ஒருவர் வெளியே வந்தார். கையில் சீமைப் பெட்டி, கறுகறுவென்று சுருட்டை முடி. போட்டோவில் இருந்த அதே முகம், வயது ஒரு நாள்கூடக் கூடவில்லை. நாவல் பலித்துவிட்டது என்றே நினைத்தேன். துப்பட்டியை இழுத்து நெற்றியை மறைத்துக்கொண்டேன். அவர் எங்கள் வண்டியைத் தாண்டினார், திரை இடுக்கில் என்னைப் பார்த்தார், நிற்காமல் போய் வேறொரு வண்டியில் ஏறிக்கொண்டார். என்னைத் தெரியவில்லை என்று எனக்குள் ஒரு குரல் கத்தியது.

“யா அல்லா, என் ராசா!” என்று மாமி அலறித் திரையை விலக்கினார்.

வண்டியின் மறுபக்கம் ஒருவர் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது, கூலியாள் என்றுதான் நினைத்திருந்தேன். முன்வழுக்கை, ஒட்டிய கன்னம், காதோரம் முழுக்க வெள்ளை. மாமி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ அப்டியே இருக்கியே புள்ள” என்றார். “வண்டிய அப்பவே பாத்துட்டேன். கிட்ட வரத்தான் கால் எழும்பல.” தலையில் ஒரு கையை வைத்து வழுக்கையை மறைத்துக்கொண்டார்.

என் மகள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, இந்த நன்னா யாரு?”

அவர் ஓரடி பின்னால் போனார். இத்தனை வருஷமாக நான் பயந்த பயம் முழுவதும் அவர் முகத்தில் இருந்தது.

“ஏறுங்க மச்சான்” என்றேன். மகளின் கையைப் பிடித்து அவர் கையில் வைத்தேன். வழுக்கையை மறைத்திருந்த மறு கையை அவர் அப்போதுதான் கீழே இறக்கினார்.