கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க

ஒரு கிலோ கேக்கில் தமிழ் நான்கு வார்த்தைக்கு மேல் நிற்காது. ஐந்தாவது வார்த்தைக்கு ஆசைப்பட்டால் ஓரத்தில் வழிந்துவிடும்.

நெய்வேலி டவுன்ஷிப் பஜாரில் ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் எழுதுகிற வேலை எனக்கு. என் கை நடுங்காது. 'ஸ்ரீ' என்றால்கூட ஒரே மூச்சில் போட்டுவிடுவேன். எழுதுவதில் ஒரு கஷ்டமும் இல்லை, எழுத வேண்டியதைச் சொல்வதில்தான் வருகிறவர்களுக்குக் கஷ்டம். வீட்டில் யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத என்னிடம், கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே! மனதில் இருப்பதைச் சொல்லப் போய், தொண்டையை மட்டும் செருமிவிட்டுத் திரும்பியவர் நீங்கள் என்றால், வாருங்கள், நீங்களும் நம்ம கட்சிதான்.

மூன்று முறை

சுரங்கத்தில் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு ஒருவர் வந்தார். ஐம்பதைத் தொடுகிற வயது. அன்றைக்குக் கல்யாண நாளாம். மனைவி பெயரைச் சொன்னார். கூட என்ன எழுதட்டும் என்றேன். இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார், குனிந்து ஏதோ முணுமுணுத்தார். பின்னால் மாவு அடிக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "கேக்கல சார், கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றேன். மறுபடியும் முணுமுணுப்பு. "இன்னும் கொஞ்சம் சார்."

மனிதர் கண்ணை மூடிக்கொண்டு "ஐ லவ் யூ!" என்று கத்தவும், மாஸ்டர் மெஷினை நிறுத்தவும் சரியாக இருந்தது. பப்ஸ் தின்றுகொண்டிருந்த காலேஜ் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவருக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. பெட்டியை வாங்கிக்கொண்டு சொன்னார்: "கல்யாணம் ஆனதுலேர்ந்து வூட்ல ஒரு வாட்டி சொன்னதில்லம்மா, ஒங்கிட்ட மூணு வாட்டி சொல்லிட்டேன்!"

அதிகாரிக்கு ஒரு பிரிவு உபசாரம்

ரிட்டயர்மென்ட் கேக் இல்லாத மாதக் கடைசி எங்கள் ஊரில் கிடையாது. அப்படி ஒரு நாள் ஒரு செக்‌ஷனிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். காத்திருந்த நேரத்தில் ஓய்வு பெறுகிற அதிகாரியை ஆசை தீர வைதார்கள். லீவு கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம், ஹெல்மெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூட மெமோவாம். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்கினார். அவ்வளவு நல்ல தமிழைக் கேட்டு எனக்கு வெகுநாளாகிவிட்டது.

அவர்கள் முறை வந்ததும், "வீ மிஸ் யூ சார்னு எழுதுங்க" என்றார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "தமிழ் இவ்ளோ நல்லாப் பேசுறீங்களே, 'உங்கள் பிரிவால் வாடுகிறோம்'னு எழுதிடட்டுமா?" என்றேன். நான்கு பேரும் ஒரே நேரத்தில் கையை ஆட்டித் தடுத்தார்கள். இருப்பதில் மூத்தவர் சொன்னார்: "வேணாம்மா, தமிழ்ல எழுதினா பொய்யின்னு தெரிஞ்சுடும்."

பரவாயில்லை

காண்ட்ராக்டில் வெகுநாள் கிடந்த மகனுக்கு வேலை பர்மனென்ட் ஆகியிருந்தது. அப்பா கேக் வாங்க வந்தார். என்ன எழுதட்டும் என்றதற்கு, "பரவாயில்லைன்னு எழுதும்மா" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். "வாழ்த்துகள்னு போடலாம், பெருமைக்குரிய மகனுக்குன்னு போடலாம்" என்று எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் யோசித்துப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். ஃபேனுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, வேர்க்கிறது என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். கேக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பத்தாவது பாஸ் பண்ணப்ப ம்னு சொன்னேன், டிப்ளமோ முடிச்சப்ப சரின்னு சொன்னேன், நான் அவனுக்குச் சொன்னதுலயே இதாம்மா பெருசு."

தம்பி அவர்கள்

அமுதா பக்கத்துக் கிராமத்துப் பெண். சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுக்கலாம் என்று அவள் சொல்ல, கூடாது என்று அவள் தம்பி சங்கர் சொல்ல, வார்த்தை முற்றி இரண்டு பேருக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது. இப்போது அமுதாவின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை திருவதிகைக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். நேரில் போய் அழைக்க அவளுக்கு ரோஷம் விடவில்லை. நடுவில் தம்பியின் பிறந்தநாள் வந்தது. கேக்கிலேயே அழைப்பை எழுதிப் புருஷனிடம் கொடுத்தனுப்புவது என்று முடிவு செய்து வந்திருந்தாள்.

என்ன எழுதட்டும் என்று கேட்டதுதான் தாமதம், விரலை ஆட்டி ஆரம்பித்தாள். "டேய் சங்கரு, நெலத்துல யார் சொன்னது சரியா இருந்தா என்னாடா? ஒன் மடி இல்லாம எம்பொண்ணு காதுல ஊசி எறங்காது. ரோஷத்த மூட்ட கட்டி வச்சுட்டு வந்து தொலைடா! தொலைடா!"

"அக்கா, இதுக்குக் கல்யாண கேக்குதான் வேணும். 'வந்து தொலைடா' மட்டும் எழுதட்டுமா?" என்றேன். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, 'தம்பி சங்கர் அவர்கள் வருக' என்று எழுதச் சொன்னாள். கூடப் பிறந்தவனுக்கு எதற்கு 'அவர்கள்' என்று கேட்டுப் பார்த்தேன். அவள் அசையவில்லை. "மரியாதயா எழுதும்மா, நம்ம பக்கம் ஒரு கொற இருக்கக் கூடாது."

அக்கா சொன்னது

மறுநாள் சாயங்காலம் அதே பெட்டி திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் சங்கர். கேக் வெட்டப்படவே இல்லை. "இத எழுதினது நீங்கதானுங்களா?" என்றார். நான்தான், எழுத்தில் ஏதாவது தப்பா என்றேன். "எழுத்து நல்லாத்தான் இருக்குதுங்க. எனக்குச் சோறு ஊட்டி வளத்தவ எங்கக்கா. 'அவர்கள்'னு போட்டு அனுப்பிச்சிருக்கா. ஊரக் கூப்புடற மாதிரி என்னயும் கூப்புட்டா. அவ்ளோதான், ஒறவு வுட்டுப்போச்சு. நான் போவலங்க." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.

கடையில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழந்தையை யார் மடியில் உட்கார வைப்பார்கள்? தர்மத்தை ஓரமாக வைத்துவிட்டு, அமுதா முதலில் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல், விரலையும் ஆட்டி, அப்படியே சொன்னேன்.

சங்கர் நிமிர்ந்து பார்த்தார். "தொலைடான்னா சொன்னா?" என்றார். "ரெண்டு வாட்டி சொன்னாங்க" என்றேன். சிரிக்க ஆரம்பித்தவர், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தில் ஊருக்கே இலவசமாக எழுதிக் கொடுத்திருப்பேன்.

அந்த எழுத்தை வழித்துவிட்டு 'வரேன் போ' என்று எழுதச் சொன்னார். அக்கா வீட்டுக்குத் தானே எடுத்துக்கொண்டு போகிறாராம். எழுதினேன். கேக்கில் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது. ரெண்டு ரோஜாப்பூ போட்டுத் தரட்டுமா என்றேன். அவர் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்: "பூவெல்லாம் வேணாங்க, எங்கக்கா திட்டறதுக்கு எடம் வேணும்."

இப்போதெல்லாம் சொந்தக்காரர் பெயருக்குப் பின்னால் யாராவது 'அவர்கள்' போடச் சொன்னால், க்ரீம் கோனைக் கீழே வைத்துவிட்டு, "என்ன சண்டை?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.