துடைக்காமல் வைத்த படகு

எண்ணூர் முகத்துவாரத்துக் கரையில் எந்தப் படகு எங்கே நிற்பது என்று சொல்கிறவர் ஜெயவேல். விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் மாட்டிக் கால் நசுங்கிய நாளிலிருந்து இதுதான் வேலை. அனல் நிலையச் சாம்பலும் அலைதடுக்கக் கொட்டிய பாறைகளும் தின்றதுபோக மிஞ்சியது ஒரு துண்டு மணல். கடலுக்குப் போகாத படகுக்கு அதில் இடமில்லை. ஊர் கூடிப் போட்ட சட்டம்.

மழைக்காலத்தில் வெள்ளத்தோடு கம்பெனியிலிருந்து கசிந்த எண்ணெய் வந்து படகெல்லாம் கறுத்தது. ஊரே மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தது. புருஷனை இழந்த ராமசெல்வியும் துணியோடு வந்தாள். அவள் படகைக் கொழுந்தன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"நீ தொடைக்காத. நஷ்டஈடு கணக்கெடுக்க ஆபீசருங்க வந்தா காட்ட சாட்சி வோணும்" என்றார் ஜெயவேல்.

"கடலுக்குப் போவாம இன்னாத்த துன்றது அண்ணாத்தே?"

"கொஞ்ச நாளு பொறு. எடத்துக்கு நான் ஜவாப்பு."

ரோட்டோரம், வருகிறவன் கண்ணில் முதலில் படும்படி நிறுத்தினார். எவனும் வரவில்லை. மனு கொடுத்தார், மறியலில் உட்கார்ந்தார். அப்போதும் வரவில்லை. கொழுந்தன் கன்டெய்னர் யார்டு வேலைக்குப் போய்விட்டான். வெயில் எண்ணெயைப் படகோடு சுட்டு இறுக்கியது.

கோடையில் வந்தார்கள். பொதுக் கரையில் சும்மா கிடக்கும் படகுகளை அள்ள, ஜேசிபியோடு.

"சார், அது சாட்சிக்கு வெச்சது."

"எதுக்கு சாட்சி?"

"எண்ணெய்க்கு."

"எந்த எண்ணெய்?" என்றார் அதிகாரி.

அதற்குள் ராமசெல்வி மண்ணெண்ணெய்க் கேனோடு ஓடி வந்து படகைத் தேய்க்க ஆரம்பித்தாள். "நாளைக்கே போவுது சார், நாளைக்கே!" ஜெயவேலும் மண்டியிட்டு ஒரு துணியை எடுத்தார். கறுப்பு அசையவில்லை.

"நீதானே இங்க பொறுப்பு? இது கடலுக்குப் போச்சா இல்லியா? பொய் சொன்னா மொத்த கரையும் காலி."

அவரவர் படகைப் பிடித்தபடி ஊரே ஜெயவேல் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"போவல" என்றார்.

ஜேசிபி தூக்கியபோது படகு நடுவில் பிளந்தது. ராமசெல்வி அழவில்லை.

"இப்ப போட்டோ புடி அண்ணாத்தே. சாட்சி வோணும்னியே."

அவர் வாய் திறப்பதற்குள், காலியான இடம் யாருக்கு என்று பின்னால் சண்டை கிளம்பிவிட்டது. தீர்த்துவைக்கச் சொல்லி அவரைத்தான் கூப்பிட்டார்கள்.